பூஸ்டர் ஸ்டெல்லா

நீங்கள் என்னை முதுகுக்குப் பின்னால் ‘பூஸ்டர் ஸ்டெல்லா’ என்று சொல்வது எனக்குத் தெரியும். கடையில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே டீ வேளையில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறீர்கள். தேர்த் திருவிழாவில் செபமாலைக்கு நடுவே கோயில் ஸ்பீக்கரில் ஒரு பொம்பளை யாரையோ திட்டுகிற குரல் வந்ததாம், அது நம்ம ஸ்டெல்லா மேடமாம் என்று. சிரியுங்கள், தப்பில்லை. நானே நாலு பேர் நடுவில் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். சிரிப்பு வருகிற இடத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் என் சாமர்த்தியம்.

இப்போது நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். முதலாளி போன் செய்து, புதுப் பிள்ளைகளுக்கு சி.பி. செட் என்கிற வயர்லெஸ் ரேடியோ விற்பதைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். “யாருக்கு எந்த செட், அஞ்சு வாட்டுக்குள்ள ஏன் நிக்கணும், இதெல்லாம் உங்கள விட யாருக்கு நல்லா தெரியும், ஸ்டெல்லாம்மா?” என்றார். அவர் குத்திக் காட்டவில்லை. அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆனாலும் எனக்கு முகம் சுட்டது. அதனால் மிச்சக் கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதன்முதலாக சி.பி. செட் வாங்க வருகிறவர் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். “எவ்ளோ தூரம் எடுக்கும்?” அட்டைப்பெட்டியில் மலை உச்சியில் ஒருவன் நிற்கிற படம் போட்டு, பக்கத்தில் ஏதோ ஒரு பெரிய எண்ணை அச்சடித்திருப்பார்கள். நம் கடை இருக்கிற தொம்மலூர்ச் சந்துக்குள் அந்த எண் செல்லாது. நாலு மாடிக் கட்டடம் இரண்டு குறுக்கே வந்தால் அலை பாதியில் செத்துப் போகும். ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். திருப்பிக் கேளுங்கள். யார் பேசப் போகிறார்கள்? எங்கே நின்று? அவர்கள் சொல்வதை யார் கேட்க வேண்டும்? பிறகு செட்டைக் கையில் கொடுத்து, பார்க்காமலே பட்டனை அழுத்த வருகிறதா என்று பாருங்கள். ரேடியோவை முதன்முதலாகத் தொடுகிறவருக்குப் பட்டன் குறைந்த செட்டுதான் நல்ல செட்டு. கலர் ஸ்கிரீன் எல்லாம் சும்மா.

சட்டத்தையும் சொல்லிவிடுங்கள். இந்த சி.பி. அலைவரிசையில் பேச நம் நாட்டில் லைசன்ஸ் வேண்டாம். ஆனால் அஞ்சு வாட்டுக்குள், செட்டோடு சேர்ந்தே வருகிற ஆன்டெனாவோடு பேச வேண்டும். பூஸ்டரை மாட்டி வாட்டை ஏற்றினாலோ, மொட்டை மாடியில் கம்பம் நட்டு வயர் இழுத்தாலோ அந்தச் சலுகை போய்விடும். இதைக் கவுன்டரில் நின்று எத்தனையோ பேருக்கு வாய் வலிக்கச் சொன்னவள் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

கண்டோன்மென்ட் பக்கம் எங்கள் பங்குக் கோயில். எனக்கு ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் அங்கேதான். மாதா தேர் பவனி அன்றைக்கு ஜனம் தெருவை அடைத்துவிடும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனைத் தூக்குவதால் நெட்வொர்க் படுத்துவிடும். கூட்டத்தில் யாராவது மயங்கி விழுந்தால் அடுத்த தெருவில் இருப்பவருக்குச் சொல்ல வழி கிடையாது. அதனால் அந்த வருடம் தொண்டர்களுக்கு வயர்லெஸ் செட் வாங்கலாம் என்று முடிவானது. பொறுப்பு ஆரோக்கியம் டீச்சருடையது. கோயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பாடகர் குழுவிலும் இருப்பவர். நேராக என்னிடம் வந்தார்.

“ஸ்டெல்லா, எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க எது சொல்றீங்களோ அதான்” என்றார்.

சாதாரணக் கைச்செட்டுகளாக எடுத்துக் கொடுத்தேன். அஞ்சு வாட்டுக்கு உட்பட்டவை, ஒரே பேச்சு பட்டன். அதுவரை நான் செய்தது சரி. மறு ஞாயிறு பூசையில் ஃபாதர் மைக்கில், “நம் பங்கைச் சேர்ந்த சகோதரி ஸ்டெல்லா வயர்லெஸ் ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்கிறார்” என்று அறிவித்தார். பெஞ்சில் இருந்த என் நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். அங்கேதான் எனக்குத் தலைக்கு ஏறியது.

திருவிழாவுக்கு முந்தைய வாரம் ஒத்திகை பார்த்தோம். பள்ளிக்கூட மாடி அறையில் நான் உட்கார்ந்தேன். அதுதான் கண்ட்ரோல். கோயில் வாசலில் ஒருவர், மார்க்கெட் முனையில் ஒருவர், பவனி திரும்புகிற பஸ் ஸ்டாப்பில் ஒருவர். பஸ் ஸ்டாப்புக்குப் போட்டிருந்தது குமரேசன் என்பவரை. கிருஷ்ணகிரிக்காரர், பொம்மனஹள்ளியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். அவர் எங்கள் கோயில் ஆள் இல்லை, எங்கள் மதமும் இல்லை. மகள் டீச்சரிடம் படிக்கிறாள், அதனால் உதவிக்கு வந்திருந்தார். செட்டைக் கையில் கொடுத்தபோதே தயங்கினார்.

“மேடம், எனக்கு மைக் புடிச்சா நாக்கு ஒட்டிக்கும். வேற யார்கிட்டயாவது குடுங்களேன்.”

“இது மைக் இல்லங்க, ரேடியோ. அமுக்குங்க, பேசுங்க, விடுங்க. குழந்த கூடப் பண்ணும்” என்று சொல்லிச் சிரித்தேன். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

ஒத்திகையில் அவர்தான் உண்மையைச் சொன்னார். “மேடம்... உங்க குரல் இங்க... கொஞ்சம்தான் கேக்குது.”

நடுவில் இரண்டு பெரிய கட்டடங்கள். கேட்காதுதான். அதற்கு வைத்தியமும் எனக்குத் தெரியும். மார்க்கெட் முனையில் இருப்பவர் இரண்டு பக்கமும் கேட்டுச் செய்தியைக் கை மாற்றிவிட வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது அதுதான். முதலாளியும் அதையே சொன்னார். ஆனால் ஃபாதர் பெயர் சொல்லி அறிவித்த ஏற்பாட்டில், கண்ட்ரோலில் உட்கார்ந்திருக்கும் என் குரல் கடைசித் தெருவரை நேராகப் போகவில்லை என்றால் எனக்கு என்ன மரியாதை என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது எவ்வளவு சில்லறைத்தனமாக இருக்கிறது பாருங்கள்.

சர்வீஸ் அலமாரியில் யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன ஒரு பூஸ்டர் கிடந்தது. விற்கவும் கூடாது, மாட்டவும் கூடாது என்று முதலாளி மேலே சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தார். அதைப் பைக்குள் போடுவதைப் பார்த்துவிட்டார்.

“பேடம்மா, வேண்டாம்” என்றார் கன்னடமும் தமிழுமாக. “அது நம்ம பேச்சத்தான் தூரமா தள்ளும். அவங்க பேசறத இழுத்துட்டு வராது. சட்டமும் ஒத்துக்காது.”

“ஒரு நாள் சார். கோயில் காரியம். யாரு வந்து கேக்கப் போறா?” என்றேன்.

கோயில் காரியம் என்று சொன்னால் அவர் மேலே பேசமாட்டார் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

பள்ளி மொட்டை மாடியில் ஆன்டெனாவை நட்டு, பூஸ்டரை மாட்டி, ஒரு மத்தியான வேளையில் மறுபடி சோதித்தோம். பஸ் ஸ்டாப்பிலிருந்து குமரேசன், “சூப்பரா கேக்குது மேடம், பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு” என்றார். உயரத்தில் ஆன்டெனா இருந்ததால் அவர் குரலும் எனக்கு நன்றாகவே வந்தது. நான் ராணி மாதிரி படியிறங்கி வந்தேன்.

திருவிழா அன்று சாயங்காலம் சீரியல் லைட் போட்டார்கள். கோயில் கோபுரம், பள்ளிக்கூடம், தெருமுழுக்க. போட்ட மறுநொடியே என் செட்டில் ‘ஷ்ஷ்ஷ்’ என்று இரைச்சல் பிடித்துக்கொண்டது. மலிவான எல்.இ.டி. லைட்டுகள் அப்படித்தான் அலையைக் கெடுக்கும். என் ஆன்டெனாவும் அந்த லைட்டுகளுக்கு மத்தியில்தான் நின்றது. காது வலித்தது. செட்டில் ஸ்குவெல்ச் என்று ஒரு திருகு இருக்கும். யாரும் பேசாதபோது வருகிற இரைச்சலை அடைப்பதற்கு. கொஞ்சம் திருகினால் இரைச்சல் அடங்கும். முழுக்கத் திருகினால் இரைச்சலோடு சேர்த்து, பலவீனமாக வருகிற குரலும் உள்ளே வராது. இது நம் தொழிலில் அரிச்சுவடி. நான் முழுக்கத் திருகினேன். அறை அமைதியானது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

வெளியே மேளமும் வேட்டும் காதைப் பிளந்ததால் ஜன்னலையும் சாத்திவிட்டேன்.

அதற்கப்புறம் எனக்குக் கேட்டதெல்லாம் கீழே கோயில் வாசலில் நின்றவரின் குரல் மட்டும்தான். அவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். பஸ் ஸ்டாப்பும் மார்க்கெட் முனையும் மௌனமாக இருந்தன. அங்கே பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ரேடியோ செக் என்று ஒரு வழக்கம் எதற்கு இருக்கிறது? ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கத்தானே? ஒத்திகையில்தான் பார்த்துவிட்டோமே என்று விட்டுவிட்டேன்.

தேர் கிளம்பிக் கொஞ்ச நேரம்தான். ஆரோக்கியம் டீச்சர் பாடகர் குழுப் புடவையோடு மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

“ஸ்டெல்லா, அப்பாவக் காணோம்.”

டீச்சரின் அப்பா சவரிமுத்து ஐயாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஆனேக்கலில் குடியிருந்து பல வருடம் மில் வேலை பார்த்தவர். வயதாகி ஞாபகம் தப்பிவிட்டது. பகலிலும் மாலையிலும் “ஆனேக்கல் பஸ் வந்துடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மகளை அவருக்கு அடையாளம் தெரியாது. டீச்சரை ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைத்து “சிஸ்டர்” என்றுதான் கூப்பிடுவார். “பெத்த அப்பா வாயால என் பேரக் கேட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமா” என்று டீச்சர் ஒருமுறை என்னிடம் அழுதிருக்கிறார். அன்றைக்கு அவரை முன் பெஞ்சில் பக்கத்து வீட்டு அம்மாவோடு உட்கார வைத்துவிட்டுப் பாடப் போயிருக்கிறார். தேரைத் தூக்கும்போது கூட்டம் எழுந்ததில் ஆள் மாயம்.

“ரோட்டத் தாண்டிட்டாருன்னா... பஸ்ல ஏறிட்டாருன்னா நான் எங்க போய்த் தேடுவேன்?” என்றார் டீச்சர்.

“நீங்க கீழ போய்ப் பாருங்க. ஊரையே நான் உலுக்கிடறேன்” என்றேன். அந்த நேரத்தில்கூட எனக்குள் ஒரு பெருமிதம். இதற்குத்தானே பூஸ்டர்!

பட்டனை அழுத்தினேன். அழுத்தியதுதான், விடவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் செபமாலை, பெயர் சவரிமுத்து, பார்த்தவர்கள் உடனே சொல்லுங்கள். மறுபடி அதையே. மறுபடி. “பஸ் ஸ்டாப், பதில் சொல்லுங்க. பஸ் ஸ்டாப்!” பதில் இல்லை. எனக்குப் பதற்றம் ஏற ஏற, வாய்ப்பூட்டு கழன்றது.

“அந்தாளு செட்ட எங்கயாவது வெச்சிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். அப்பவே நெனச்சேன். வாயத் தொறந்து பேசத் தெரியாத ஜன்மத்துக்கெல்லாம் எதுக்கு செட்டு? ஒரு வயசானவரு உயிரு போனாக்கூட இவன் நின்னு வேடிக்கதான் பாப்பான்.”

இதைத் தொண்டர்களுக்கு மட்டும் கேட்கும் என்று நினைத்துச் சொன்னேன் என்றால் அதுவும் பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

நடுவில் மூச்சு வாங்கப் பட்டனை விட்ட நேரத்தில் வாசலில் நின்றவர், “ஆம்புலன்ஸ உள்ள விட்டுட்டேன் மேடம்” என்றார். “சரி சரி, ரோஜர், கேட்டுச்சு” என்றேன். அந்த ஒரு பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பாடகர் குழுவில் பாடுகிற ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “ஆன்ட்டி, ஆஃப் பண்ணுங்க! நீங்க பேசறது எல்லாம் கோயில் ஸ்பீக்கர்ல வருது! ஃபாதர் செபமாலய நிறுத்திட்டாரு!”

எனக்குப் புரிந்துவிட்டது. அத்தனை வாட்டைப் பக்கத்திலேயே வைத்துக் கக்கினால், ஆம்ப்ளிஃபயரின் வயர்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். தெரு நெடுகக் கட்டியிருந்த ஒவ்வொரு ஸ்பீக்கரும் என் வாயாகிவிட்டது.

“எதெல்லாம் வந்துச்சு?” என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல், “எல்லாமே ஆன்ட்டி. அந்த ஜன்மம்னு சொன்னது கூட” என்றாள்.

நீங்கள் சிரிக்கிற கதை இங்கே முடிகிறது.

பூஸ்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். எனக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் வழிவிட்டு நின்றன. என் நாத்தனார் தரையைப் பார்த்தாள். கூட்டத்திலிருந்து மெழுகுவர்த்தியோடு ஒரு பெண் முன்னால் வந்தாள், கையைப் பிடித்தபடி பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு சிறுமி. குமரேசனின் மனைவி. புருஷனைப் பற்றி நான் சொன்னதை மகளோடு நின்று முழுக்கக் கேட்டவள். திட்டப் போகிறாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

“மேடம், அவரு அப்படி விட்டுட்டுப் போற ஆளு இல்லீங்க” என்றாள். “அவருக்கு ஏதோ ஆயிடுச்சு. அவரயும் கொஞ்சம் தேடச் சொல்லுங்க மேடம்.”

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. அந்தச் சிறுமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லோருமாக வெகுநேரம் தேடிய பிறகுதான் டீச்சரின் போன் அடித்தது. ஆனேக்கல் போகிற வழியில் இருக்கும் பொம்மனஹள்ளியிலிருந்து. நெட்வொர்க் கிடைத்த இடத்தில் இறங்கி, லைன் கிடைக்கும்வரை குமரேசன் விடாமல் கூப்பிட்டிருக்கிறார். “டீச்சர், அப்பா என்கூடதான் இருக்கார். டீ குடிச்சிட்டு இருக்கார்.” டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஆட்டோ பிடித்து ஓடினார்.

அப்பாவோடு திரும்பி வந்த டீச்சர் நேராக என்னிடம் வந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

“ஸ்டெல்லா, அப்பா பஸ் ஸ்டாப்லதான் இருந்திருக்கார். குமரேசன் உங்ககிட்ட சொன்னாராம். ‘கண்ட்ரோல்ல கேட்டுச்சுன்னு சொன்னாங்க டீச்சர், அதனாலதான் தைரியமா கூடவே பஸ் ஏறிட்டேன்’னு சொல்றார். கேட்டுட்டு ஏன் எங்கிட்ட சொல்லல? நான் இங்க செத்துப் பொழச்சேனே!”

“எனக்கு ஒண்ணுமே கேக்கல டீச்சர்” என்றேன். சத்தியமாக எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

மாடிக்குப் போனேன். செட்டைப் பார்த்தேன். திருகு கடைசிவரை திரும்பியிருந்தது. மெதுவாக அதைத் திறந்தேன். இரைச்சல் வந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் மார்க்கெட் முனையில் இருப்பவரின் குரல் சன்னமாக வந்தது. “கண்ட்ரோல், கண்ட்ரோல், யாராவது இருக்கீங்களா?” எவ்வளவு நேரமாக அப்படிக் கூப்பிட்டாரோ. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுதேன்.

மறுநாள் முதலாளி வந்து ஆன்டெனாவைக் கழற்றினார். “ஏனு மாடிதிரி, ஸ்டெல்லாம்மா” என்று ஒரு தடவை கேட்டார். என்ன செய்துவிட்டீர்கள் என்பது அதற்கு அர்த்தம். அவ்வளவுதான். சட்டப்படி யாரும் என்னைப் பிடிக்கவில்லை, யாரும் புகார் கொடுக்கவில்லை. பிடித்திருந்தால் அபராதத்தைக் கட்டி விஷயத்தை முடித்திருப்பேன். ஃபாதரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “அந்த மனுஷன்கிட்ட கேளும்மா” என்று அனுப்பிவிட்டார்.

போனேன். பொம்மனஹள்ளியில் ஒரு சந்துக்குள் மாடி வீடு. குமரேசனின் மனைவி கதவைத் திறந்து, நாற்காலி போட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். மனப்பாடம் செய்துகொண்டு போனதை எல்லாம் நான் ஒப்பித்தேன். பூஸ்டர், லைட், திருகு, எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“விடுங்க மேடம். டென்ஷன்ல சொல்லிட்டீங்க” என்றார். “நான் என்னால ஆனத சொல்லிப் பாத்தேன். அவரு ஆனேக்கல் பஸ்ஸுக்கு நின்னாரு. நான் அமுக்கி ‘கண்ட்ரோல்’னு ஆரம்பிப்பேன், அதுக்குள்ள உங்க குரல் மேல வந்துடும். திரும்ப ஆரம்பிப்பேன், திரும்ப வந்துடும். எனக்குத்தான் பேச வரலன்னு நெனச்சேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“கடசியா பஸ் வந்துடுச்சு. கையப் புடிச்சு நிறுத்துனா, கெழவர இழுக்கறான்னு நாலு பேரு என்னைத் திட்டறாங்க. அப்பதான் ஐயா என் கைலேர்ந்து செட்ட வாங்கி, அவரே பட்டன அமுக்கிப் பேசுனாரு. நான் பண்றதயே பாத்துட்டு இருந்திருக்காரு போல. அவரு பேசி முடிச்சு விட்டாரு. உடனே நீங்க, ‘சரி சரி, ரோஜர், கேட்டுச்சு’ன்னீங்க. சரி, டீச்சருக்குப் போய்ச் சேந்துடுச்சுன்னு நிம்மதியா ஏறிட்டேன்.”

ஆம்புலன்ஸுக்கு நான் சொன்ன பதில் அது.

அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. ஆவலாக முன்னால் நகர்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“டீச்சர் என்ன சொன்னாங்க மேடம்? அவங்கப்பா அவங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டத கேட்டு அழுதிருப்பாங்களே? அது அவங்க வீட்டு விஷயம், அதான் நானா எதுவும் கேக்கல.”

பிள்ளைகளே, நான் இந்தத் தொழிலில் எவ்வளவோ தவறு செய்திருக்கிறேன். தவறான பேட்டரி கொடுத்திருக்கிறேன், கல்யாண வீட்டுக்கு அனுப்ப வேண்டிய செட்டுகளைக் கட்டட வேலைக்கு அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றையும் எப்படியாவது மறுநாள் சரி செய்ய முடிந்தது. இதைச் சரி செய்ய எந்தக் கடையிலும் எதுவும் விற்கவில்லை. அஞ்சு வாட் என்று சட்டம் ஏன் வரம்பு போட்டிருக்கிறது என்று வாடிக்கையாளர் கேட்டால், அடுத்தவர்களின் அலையைக் கெடுக்கக் கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள். சரியான பதில்தான். எனக்கு மட்டும் அந்த ‘அடுத்தவர்கள்’ என்ற இடத்தில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் பஸ் ஸ்டாப்பில் நிற்பார். யார் பெரிய வாட் கேட்டு வந்தாலும், “சார், அவங்க பேசறது உங்களுக்குக் கேக்கணுமா, வேண்டாமா?” என்று முதலில் கேளுங்கள். கண்ட்ரோலில் நீங்களே உட்கார நேர்ந்தால், ஒரு வாக்கியம் பேசிப் பட்டனை விட்டுவிட்டுக் காத்திருங்கள்.

டீச்சரிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவருக்குத் தெரியாத ஒன்றை எதற்குச் சொல்லி வலிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு நானே நல்லவள் வேஷம் போட்டுப் பார்த்தேன். அது அவருடைய சொத்து. அதை ஏற்கெனவே ஒரு தடவை நான் வராமல் அடைத்தேன். இரண்டாவது தடவை அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

டீச்சர் வீட்டுக்குப் போனபோது அவர் அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். ஐயா என்னைப் பார்த்து, “ஆனேக்கல் பஸ் வந்துடுச்சா?” என்று கேட்டார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, “போதும் சிஸ்டர்” என்றார்.

நான் நின்றபடியே சொன்னேன். அன்றைக்கு உங்கள் அப்பா ரேடியோவில் உங்களை உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் டீச்சர் என்று.

கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். “என்ன சொன்னார்?” என்றார். “அவர் சொன்னத அப்படியே சொல்லுங்க.”

குமரேசனிடம் வார்த்தை வார்த்தையாகக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். சொன்னேன். எனக்குக் குரலே எழும்பவில்லை.

“கேக்கல ஸ்டெல்லா. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

சொன்னேன்.

“ஆரோக்கியம், அப்பா பேசறேன்மா. பஸ் வந்துடுச்சு. நீ பயப்படாத, கதவத் தெறந்து வெய்யி. வீட்டுக்குத்தான் வந்துட்டு இருக்கேன்.”